எழுந்து நின்று விலக்குங்கள்

பைன் ஃபோர்க்கில் ஒலீட்டா ஃப்ரேடியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் காலுறை ஆலையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அந்த ஆலையில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பெண்கள். மெஷின் நின்றுபோனால் ஸ்பேனரோடு வருகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். மெக்கானிக் வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தால் அன்றைய கூலியில் துண்டு விழும். ஒலீட்டா காத்திருக்கவில்லை. தன் பின்னல் மெஷினைத் தானே பிரித்தாள், ஊசியை மாற்றினாள், ஓடவிட்டாள். மேற்பார்வையாளர் வந்து கத்தியபோது, "ஓடுதா இல்லையா, அதை மட்டும் பாருங்க" என்றாள். மூன்றாவது தடவை அவர் கத்துவதற்குப் பதில் ஒரு கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் இருபத்தாறு வருடம், ஆலை மூடும்வரை, அவள் மெக்கானிக்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "ரெண்டு பேர் கேட்டாங்க. ரெண்டு பேருமே வேலையை எப்ப விடுவேன்னுதான் முதல்ல கேட்டாங்க" என்பாள்.

ஆலைக்கு அடுத்தபடியாக அவளுக்கு இருந்தது சபை. பைன் ஃபோர்க் பாப்டிஸ்ட் சபை அந்த மலைப்பகுதியில் பழைய சபைகளில் ஒன்று. சுற்றுவட்டாரத்துப் பாப்டிஸ்ட் சபைகள் எல்லாம் சேர்ந்த சங்கம் ஒன்று உண்டு. அதைத் தொடங்கிய ஏழு சபைகளில் இதுவும் ஒன்று. 1994இல் அந்தச் சபை ஓட்டெடுத்து ஒலீட்டாவை டீக்கனாக்கியது. திருவிருந்துத் தட்டை ஏந்திப்போவது, நோயாளிகளைப் பார்ப்பது, சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பது என்று டீக்கன் செய்கிற வேலைகளை அவள் அதற்கு முன்பும் செய்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் அன்றுதான் அவளை முன்னால் மண்டியிட வைத்து, சபையார் ஒவ்வொருவராக வரிசையில் வந்து தலைமேல் கைவைத்து ஜெபித்தார்கள். அவளுக்கு எதிராக ஓட்டுப் போட்டிருந்த ஒரு கிழவரும் வந்தார். கனத்த கையை வைத்து, "எனக்கு இதுல சம்மதமில்ல லீட்டா. ஆனா சபை சொல்லிடுச்சு. கர்த்தர் உன்னை ஆசீர்வதிக்கட்டும்" என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனார். அன்று கிடைத்த ஆசீர்வாதங்களில் அது ஒன்றுதான் வார்த்தை பிசகாமல் அவளுக்கு நினைவில் நின்றது.

மூன்றாவது, சமையல் வண்டி. வெள்ளமோ சூறாவளியோ வந்தால் சங்கத்தின் சமையல் வண்டி போய் நிற்கும். நீளமான இழுவை வண்டி. உள்ளே ஆறு பெரிய அடுப்பு. சங்கம் அதை வாங்கியபோது வெறும் தகரக் கூடு. அடுப்புகளைப் பொருத்தியது, எரிவாயுக் குழாய் இழுத்தது, தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி வைத்தது எல்லாம் ஒலீட்டா. பதினான்கு வருடமாக அதன் சாவி அவள் இடுப்பில் தொங்கியது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் 2003ஆம் வருடம் வந்து புகுந்தது.

அதற்குக் காரணம் ரூத்தன் க்ரிஸ்ப். ரூத்தனும் ஒலீட்டாவும் ஒரே ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள். ரூத்தன் நர்ஸ் படிப்பு முடித்து, சபை அனுப்பி வைக்க, தாய்லாந்தின் வடக்கு மலைகளுக்கு மிஷனெரியாகப் போனாள். இருபத்திரண்டு வருடம் அங்கே பிரசவம் பார்த்தாள், மருத்துவச்சிகளைப் பழக்கினாள். அவளுக்குச் சம்பளம் கொடுத்து அங்கே வைத்திருந்தது, தங்கள் தேசம் முழுவதிலும் உள்ள பாப்டிஸ்ட் சபைகள் சேர்ந்த, மாநாடு என்ற பெரிய அமைப்பு. அந்த மாநாட்டின் தலைமை சில வருடங்களாகக் கெடுபிடிக்காரர்களின் கைக்குப் போயிருந்தது. அவர்கள் விசுவாச அறிக்கை என்று புதிதாக ஒன்றை எழுதி, எல்லா மிஷனெரிகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும், பெண் போதகராகக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. ரூத்தன் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில், "நான் ஏற்கெனவே வேதத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று" என்று எழுதி அனுப்பினாள். ஏப்ரலில் அவளை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்படி மாநாட்டோடு ஒத்துப்போக முடியாத மிதவாத பாப்டிஸ்ட்டுகள் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு ஐக்கியம் தொடங்கியிருந்தார்கள். பெரிய அமைப்பு ஒன்றுமில்லை. களைத்துப்போன போதகர்களும், வேலை போன பேராசிரியர்களும், பைன் ஃபோர்க் மாதிரிப் பிடிவாதச் சபைகளும்தான். சபை அவர்களிடம் ரூத்தனைப் பற்றிச் சொன்னது. அவர்கள் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: திரும்பிப் போக எப்போது தயாராவீர்கள்? சபை கூடி ஓட்டெடுத்தது. ரூத்தனுக்கான காணிக்கை இனி ஐக்கியத்தின் வழியாகப் போகும் என்று தீர்மானமானது.

ஆகஸ்ட் மாதம், மாநாட்டின் பக்கம் நின்ற சங்கத்திடமிருந்து கடிதம் வந்தது.

புதன்கிழமைச் சாப்பாட்டுக்குச் சபை மண்டபத்தில் எல்லாரும் கூடியிருந்தபோது போதகர் ட்ராவிஸ் ஹோல்கம் அதை வாசித்தார். முப்பத்தாறு வயது, மூன்று பிள்ளைகள், மென்மையான மனிதர். பைன் ஃபோர்க் சபை ஐக்கியத்தோடு உள்ள தொடர்பை அறுத்துக்கொள்ள வேண்டும். பெண்களை டீக்கன் பொறுப்பிலிருந்து எடுக்க வேண்டும். செப்டம்பருக்குள் பதில் வராவிட்டால் அக்டோபர் ஆண்டுக் கூட்டத்தில் சபையைச் சங்கத்திலிருந்து விலக்கத் தீர்மானம் கொண்டுவரப்படும். போதகர் அத்தோடு தாளை மடிக்கப் பார்த்தார்.

"கீழ யாரு கையெழுத்து?" என்றாள் ஒலீட்டா, மக்காச்சோள ரொட்டியைப் பிட்டபடி.

"சங்கத் தலைவர்தான்."

"பேரு இருக்குமே."

"உங்க தம்பி, மிஸ் லீட்டா."

ஒலீட்டா ரொட்டியைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டாள். "எழுத்துப்பிழை இல்லாம எழுதியிருக்கானா?" என்றாள். பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹார்லன் ஃப்ரேடி அவளுக்கு நான்கு வயது இளையவன். மலைக்கு அந்தப் பக்கம் பெத்தேல் கேப் சபையில் போதகர். அந்தச் சனிக்கிழமை மதியம் அவன் வந்தபோது ஒலீட்டா சமையல் வண்டிக்குள் மல்லாந்து படுத்து அடுப்புக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் மனைவி ஜெனீவா காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிக் கையை மட்டும் ஆட்டினாள்.

"லெட்டர் போட்டது போதாதுன்னு நேர்லயும் வந்துட்டியா?" என்றாள் ஒலீட்டா, படுத்தபடியே.

"அது கமிட்டி எழுதினது. நான் தலைவர், கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்."

"கை உன்னுதுதானே."

ஹார்லன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். "ஒரு வழி சொல்றேன், முழுசாக் கேளு. டீக்கன்னு போடாதீங்க. சபை உதவியாளர்னு போடுங்க. நீ அதே வேலையைத்தான் செய்யப்போற. அதே தட்டு, அதே ஆஸ்பத்திரி. பேரு மட்டும்தானே மாறுது."

"பேரு மட்டும்தான்னா உனக்கு அது ஏன்டா உறுத்துது?"

"ரூத்தனுக்கு நீங்க ஆளாளுக்கு எவ்வளவு வேணும்னாலும் அனுப்புங்க. யாரு கையைப் பிடிக்கப்போறா? சபை பேர்ல, அந்த ஐக்கியத்து வழியா வேண்டாம்னுதான் சொல்றோம்."

"ஒளிச்சு அனுப்பச் சொல்ற. எட் மாமா சாராயம் அனுப்பின மாதிரி."

ஹார்லனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களுடைய எட் மாமா அந்த மலையில் மூன்று தடவை பிடிபட்டவர். ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. "நான் உன்னைப் பழிவாங்க இதைச் செய்யல லீட்டா. வேதத்தை நம்பித்தான் செய்றேன். டீக்கன் ஒரே மனைவியை உடைய புருஷனா இருக்கணும்னு எழுதியிருக்கு. நீ எப்படி ஒரு மனைவிக்குப் புருஷனா இருப்ப?"

"பெபேயாள் எப்படி இருந்தாளோ அப்படி. ரோமர் பதினாறு. சபைக்கு ஊழியக்காரின்னு பவுல் எழுதியிருக்கார். நீ அவருக்கும் ஒரு லெட்டர் போடு."

அவன் எழுந்தான். வண்டியின் பக்கவாட்டில் கையை வைத்தான். "இதுவும் சங்கத்து வண்டி, தெரியுமில்ல," என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னான். அதனாலேயே அது அதிகம் வலித்தது.

கார் போன பிறகு ஒலீட்டாவுக்கு வேலை ஓடவில்லை. துடைத்த குழாயையே திரும்பத் துடைத்தாள். உதவியாளர் என்று போட்டுக்கொண்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. வண்டி இருக்கும். தம்பி இருப்பான். ஊர் வாய் மூடும். ஆனால் அந்தப் பெயரை அவள் கேட்டு வாங்கவில்லை, சபை கொடுத்தது. கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டால் கழற்றி வைத்துவிடலாம். கொடுக்காதவன் வந்து கேட்டால்?

திங்கட்கிழமை சபை அலுவலகத்தில் நகல் எடுக்கும் மெஷின் சிக்கிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். எது நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மூடியைத் திறந்து, உருளைக்குள் கசங்கிக் கிடந்த தாளை இழுத்தாள். கறுப்பு மை கையில் ஒட்டியது. தாளை விரித்துப் பார்த்தாள். சங்கத்துக்கு எழுதிய பதில். 'எங்கள் சபையின் பெண் டீக்கன்கள் தாமாக முன்வந்து பொறுப்பிலிருந்து விலகியிருக்கிறார்கள்.'

தாளோடு நேரே போதகரின் அறைக்குப் போனாள்.

"போதகரே, நான் தாமா முன்வந்ததை எனக்கு எப்பச் சொல்றதா இருந்தீங்க?"

ட்ராவிஸின் முகம் வெளிறிப்போனது. "அது வரைவுதான், மிஸ் லீட்டா. உங்ககிட்டப் பேசிட்டுத்தான்..."

"சரி, பேசுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சங்கத்தை விட்டு வெளிய போனா இந்தப் பக்கத்துல எந்தச் சபையும் என்னைக் கூப்பிடாது. மூணு பிள்ளைங்க. பேர்ல ஒரு வார்த்தையை மாத்தினா எல்லாம் அமைதியாயிடும்னு நினைச்சேன். ராத்திரி தூக்கம் வரல எனக்கு."

ஒலீட்டா கோபத்தோடுதான் வந்தாள். ஆனால் அந்த மனிதர் பொய் சொல்லத் தெரியாமல் பொய் எழுதியிருக்கிறார் என்பது பார்த்ததும் தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பயப்படுறது பாவமில்ல போதகரே. ஆனா என் பேர்ல பயப்படாதீங்க. உங்க பேர்ல பயப்படுங்க." தாளை நான்காக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை சபையைக் கேப்போம். அவங்க என்னை இறக்கினா நான் இறங்குறேன். அதுவரைக்கும் யாரும் என்னை இறக்கி விட வேணாம், படியில கையைப் பிடிச்சுக்கிட்டு."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசியது. கத்தினார்கள். ஒருத்தி அழுதாள். ஆலையில் ஒலீட்டாவோடு வேலை பார்த்த ஒருத்தரே எழுந்து, ஒரு கிழவியின் பிடிவாதத்துக்காக நூற்று முப்பது வருட உறவை வெட்டுவதா என்று கேட்டார். "கிழவியா? எனக்கு அம்பத்தெட்டு. நீ என்னைவிட மூணு வயசு மூப்பு" என்றாள் ஒலீட்டா. ஓட்டு எண்ணியபோது எண்பத்துநான்கு பேர் ஐக்கியத்தோடும் டீக்கன்களோடும் நின்றார்கள், முப்பத்தொன்பது பேர் எதிரே நின்றார்கள்.

அப்போது ட்ராவிஸ் எழுந்தார். கூட்டத்தில் ஓட்டுப் போட்டுத் துரத்தப்படுவது அவமானம். அதற்கு முன் நாமே ஒரு கடிதம் எழுதிக் கண்ணியமாக விலகிவிடலாம் என்றார். பலருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. தலைகள் ஆடின.

"முடியாது," என்றாள் ஒலீட்டா. "நாம எங்கயும் போகல. அந்தச் சங்கத்தைப் பெத்ததே நம்ம சபைதான். பெத்தவளை வீட்டை விட்டு அனுப்பணும்னா அனுப்பட்டும். ஆனா அவளே மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிட்டான்னு ஊர்ல சொல்ல விடமாட்டேன். நான் போய் உக்காரப்போறேன். கூட யாரு வர்றா?"

ரூத்தன் கையைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, தரையைப் பார்த்தபடி, ட்ராவிஸும் தூக்கினார்.

ஆண்டுக் கூட்டம் பெத்தேல் கேப்பில், ஹார்லனின் சபையிலேயே நடந்தது. அக்டோபர் செவ்வாய்க்கிழமை, மலை முழுக்கச் செம்பழுப்பாய் இருந்தது. நாற்பத்தொரு சபைகளின் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். ஒலீட்டாவுக்கு முக்கால்வாசி முகம் தெரியும். பலரைத் தொப்பியில்லாமல், முழங்கால்வரை சேற்றோடு, சூப்புக் கிண்ணத்தை நீட்டியபடி பார்த்திருக்கிறாள். இப்போது கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். சிலர் வணக்கம் சொன்னார்கள். சிலருக்குத் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதோ இருந்தது.

மதிய உணவுக்கு முன் தீர்மானத்தை வாசித்தார்கள். ஹார்லன் மேடையில் நின்றான். வழக்கம் என்னவென்றால், சம்மதமானவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே 'ஆம்' என்பார்கள், ஒரே முழக்கம், ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அவன் வாயைத் திறப்பதற்குள் ஒலீட்டா ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றாள்.

"தலைவரே, பைன் ஃபோர்க் பிரதிநிதி பேசணும்."

ஹார்லன் விதிப் புத்தகத்தைப் பார்த்தான். "மூணு நிமிஷம், சகோதரி ஃப்ரேடி."

"மூணு வேண்டாம். நான் வாதாட வரல. பெபேயாளைப் பத்தி உங்ககிட்டத் தனியாச் சொல்லியாச்சு." பின் வரிசையில் யாரோ கனைத்தார்கள். "எங்களை விலக்கணும்னு நினைக்கிறீங்க. அது உங்க உரிமை. எங்களுக்குப் போப்பும் கிடையாது, பிஷப்பும் கிடையாது. எங்க சபையை எங்க சபைதான் ஆளும், அதை யாரும் மாத்த முடியாது. ஆனா உக்காந்துகிட்டே, யாரு குரல்னு தெரியாம, கும்பலாச் சொல்லி எங்களை அனுப்பாதீங்க. சபை சபையாப் பேரைக் கூப்பிடுங்க. விலக்குறவங்க எழுந்து நின்னு விலக்குங்க. நான் இங்கேயே நிக்கிறேன். என்னைப் பாத்துச் செய்ங்க. இதை ஒரு தீர்மானமா வைக்கிறேன்."

வழிமொழிய யாராவது வேண்டும். யாரும் அசையவில்லை. இன்னும் ஐந்து வினாடி போயிருந்தால் அது விழுந்துபோயிருக்கும். அப்போது முன் வரிசையில் கோய் மெஸ்ஸர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். எண்பது வயது; மலை உச்சியில் இருபது பேர் கூடும் ஒரு சபைக்குப் போதகர்; அந்தச் சங்கத்திலேயே கடுமையான ஆள் என்று பெயர் வாங்கியவர்.

"இந்தப் பொம்பளை சொல்றதுல எனக்கு ஒண்ணுலயும் சம்மதமில்ல," என்றார். "பொம்பளை டீக்கனும் தப்பு, அந்த ஐக்கியமும் தப்பு. நான் விலக்கத்தான் ஓட்டுப் போடப்போறேன். ஆனா ஒருத்தரை வீட்டை விட்டு அனுப்புறவன் காலை நீட்டி உக்காந்துகிட்டு அனுப்பக் கூடாது. வழிமொழியுறேன்."

அவர் சொன்னபின் மறுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. எழுத்தர் அகர வரிசையில் சபைகளைக் கூப்பிடத் தொடங்கினார். ஒலீட்டா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கைகளைக் கட்டிக்கொள்ளவில்லை, தொங்கவிட்டிருந்தாள்.

முதல் சபையின் நான்கு பேரும் எழுந்தார்கள். அடுத்ததில் மூன்று பேர் எழுந்தார்கள், ஒருவர் உட்கார்ந்தே இருந்தார். சிலர் அவளை நேராகப் பார்த்தார்கள். அவர்களுக்கு அவள் தலையசைத்தாள். சிலர் காலணியைப் பார்த்தார்கள். தடித்த மனிதர் ஒருவர் இருக்கையைப் பிடித்தபடி பாதி எழுந்து, பாதி உட்கார்ந்த மாதிரி நின்றார்.

"முழுசா நில்லுங்க, எர்ல்," என்றாள் ஒலீட்டா. "இங்கருந்து சரியாத் தெரியல."

கூட்டம் சிரித்தது. எர்ல் சிவந்துபோய் நிமிர்ந்து நின்றார். கோய் மெஸ்ஸர் முறை வந்தபோது தடியை இருக்கையில் சாய்த்துவிட்டு, பிடிப்பில்லாமல் நின்று, அவள் கண்ணைப் பார்த்தபடி விலக்கினார்.

"பெத்தேல் கேப்," என்றார் எழுத்தர்.

ஐந்து பிரதிநிதிகள். நான்கு பேர் எழுந்தார்கள். ஜெனீவா எழவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுத்தர் மேடையைப் பார்த்தார்.

"எதிர்ப்பவர்கள்?" என்றார் எழுத்தர்.

ஜெனீவா எழுந்தாள். முப்பது வருடம் அந்தச் சபையில் பியானோ வாசித்தவள். அங்கே அவள் குரலைப் பாட்டைத் தவிர வேறு எதிலும் யாரும் கேட்டதில்லை. எழுத்தர் பேனாவைப் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

"எழுதிக்கோங்க, ப்ரதர்," என்றாள். "ஜெனீவா ஃப்ரேடி."

ஒலீட்டாவுக்கு அதுவரை கலங்காத கண் அப்போது கலங்கியது. துடைக்கவில்லை. துடைத்தால் அழுகிறாள் என்று எழுதிவிடுவார்கள்.

விலக்க நூற்று முப்பத்தொன்று, எதிர்த்து இருபத்திரண்டு. ஹார்லன் எண்ணிக்கையை வாசித்தான். தலைவர் ஓட்டுப் போடும் வழக்கமில்லை. கணக்கு சமமானால் மட்டும்தான். ஒலீட்டா ஒலிவாங்கியை விடவில்லை.

"தலைவரே, நீங்க ஏற்கெனவே நின்னுக்கிட்டுத்தான் இருக்கீங்க. எந்தப் பக்கம் நிக்கிறீங்கன்னும் சொல்லிடுங்க."

ஹார்லன் விதிப் புத்தகத்தை மூடினான். அக்காவை நேராகப் பார்த்தான். "விலக்கணும்ங்கிற பக்கம்," என்றான்.

"நன்றி. மூஞ்சியைப் பாத்துச் சொன்னதுக்கு."

வெளியே வந்ததும் இடுப்பிலிருந்து வண்டிச் சாவியைக் கழற்றினாள். வளையத்திலிருந்து அது சுலபத்தில் வரவில்லை; நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. பின்னாலேயே வந்த ஹார்லனின் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்கே கொடுக்கணும்னு யாரும் சொல்லல லீட்டா," என்றான்.

"விலக்கின பிறகு வச்சுக்கிட்டா அது திருட்டு. மூணாவது அடுப்பு வால்வைக் கால் சுத்துக்கு மேல திறக்காதீங்க, புருவம் போயிடும். தண்ணித் தொட்டியைக் குளிர் வர்றதுக்குள்ள வடிச்சிடு." சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள்.

வழியில் சாலையோரக் கடையில் நிறுத்தி, மூன்று பேரும் சுட்ட பன்றிக்கறி சாப்பிட்டார்கள். ட்ராவிஸ் இரண்டு தட்டு தின்று முடித்துவிட்டு, "எனக்கு ஒரு மாசமா பசியே எடுக்கல" என்று அப்போதுதான் கவனித்த மாதிரிச் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்தது எல்லாம் நல்லதாக இல்லை. பத்தொன்பது குடும்பங்கள் சபையை விட்டுப் போயின. பாடகர் குழுவில் ஆண் குரலே இல்லாமல் போனது. ஆலைக்காலத்துச் சிநேகிதி ஒருத்தி கடையில் ஒலீட்டாவைக் கண்டால் அடுத்த வரிசைக்குத் திரும்பிவிடுவாள். அடுத்த மே மாதம் ட்ராவிஸுக்கு வேறு மாநிலத்தில் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒரு சபையிலிருந்து அழைப்பு வந்து குடும்பத்தோடு போனார். போவதற்கு முதல்நாள் அவள் வீட்டுக்கு வந்து, நகல் மெஷினில் எடுத்த அந்தத் தாளை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அடுப்பில் போட்டாயிற்று என்றாள். உண்மையில் அப்படித்தான் செய்திருந்தாள். ரூத்தன் ஜனவரியிலேயே தாய்லாந்துக்குத் திரும்பியிருந்தாள். அவள் கடிதங்கள் சபைப் பலகையில் குத்தப்பட்டன. பாதி, பிறந்த குழந்தைகளின் எடை.

ஹார்லன் வீட்டில் அந்தச் செவ்வாய்க்குப் பிறகு வியாழன்வரை பேச்சில்லை என்று ஜெனீவா சொன்னாள். வியாழக்கிழமை காலை அவன், "இந்த வாரம் என்ன பாட்டு வாசிக்கப்போற?" என்று கேட்டானாம். அவ்வளவுதான். அக்காவும் தம்பியும் நான்கு மாதம் பேசவில்லை. பிப்ரவரியில் ஒரு சாவு வீட்டில் இருவரும் ஒரே நேரத்தில் உணவுப் பாத்திரத்தோடு வாசலில் இடித்துக்கொண்டார்கள். "வழி விடுடா" என்றாள். விட்டான். அதன்பின் பனி, முழங்கால் வலி, ட்ரக் டயர் என்று பேச்சு வந்துவிட்டது. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு அவன்மேல் இருந்த மதிப்பு குறைந்திருக்கும்.

2004 செப்டம்பரில் ஒரே மாதத்தில் இரண்டு சூறாவளியின் மழை மலையில் கொட்டி ஆறு ஊருக்குள் வந்தது. சங்கத்தின் வண்டி ஆற்றுக்கு அந்தக் கரையில் நின்றது. ஒலீட்டாவுக்கு வண்டி இல்லை. ஐக்கியத்தின் சபைகளிலிருந்து பாத்திரத்தோடு வந்த ஒன்பது பேரை வைத்துக்கொண்டு, இந்தக் கரையில் பள்ளிக்கூடச் சமையலறையைத் திறந்தாள். அங்கே குளிரில் நடுங்கியபடி வந்த ஒரு மனிதர், "நீங்க எந்த பாப்டிஸ்ட்டும்மா?" என்று கேட்டார்.

"சூப்பைச் சூடா வச்சிருக்கிற பாப்டிஸ்ட். கிண்ணத்தை நீட்டுங்க."

மறுவருடம் ஐக்கியத்தின் மாநில அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினார். மிகவும் மரியாதையான குரல். சபையின் முன்னால் ஐக்கியத்தின் பெயரும் சின்னமும் போட்ட பலகை வைத்தால், அந்த வழியாகப் போகிறவர்களுக்கு இப்படிப்பட்ட சபை இங்கே இருக்கிறது என்று தெரியுமே என்றார். புதிய போதகருக்கும் சபையில் பலருக்கும் அது பிடித்திருந்தது. சபைக் கூட்டத்தில் அதை முன்வைத்தார்கள். ஒலீட்டா எழுந்தாள்.

"ஐக்கியத்து மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. நல்லவங்க. ரூத்தனை அவங்கதான் தாங்குறாங்க. ஆனா நாம அவங்களோட கைகோத்திருக்கோம், அவங்க வீட்டுக்குக் குடிபோகல. வாசல்ல நம்ம பேரு மட்டும் இருக்கட்டும். இன்னொருத்தர் பேரை வாசல்ல மாட்டினா, நாளைக்கு அவங்க லெட்டர் போடுவாங்க."

"அவங்க அப்படிப்பட்டவங்க இல்லையே, மிஸ் லீட்டா," என்றாள் ஒரு பெண்.

"சங்கத்துக்காரங்களும் நூத்து முப்பது வருஷம் அப்படிப்பட்டவங்களா இல்ல."

ஓட்டெடுத்தார்கள். பலகை வேண்டும் என்று ஐம்பத்தொன்று, வேண்டாம் என்று பதினான்கு. ஒலீட்டா தோற்றுப்போனாள். தோற்றதைச் சிரித்து மழுப்பவில்லை. கூட்டக் குறிப்பேட்டில் தன் பெயரை எதிர்ப்பில் எழுதச் சொல்லி, எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை பலகைக்குக் குழி தோண்ட வந்தவர்கள், சபையின் முன் புல்தரையில் அவள் ஏற்கெனவே கடப்பாரையோடு நிற்பதைப் பார்த்தார்கள். முதல் குழி முழங்கை ஆழம் இறங்கியிருந்தது. மண் கல்லும் வேருமாக இருந்தது.

"நீங்கதான் வேண்டாம்னு சொன்னீங்களே," என்றார் ஒருவர்.

"இன்னும் வேண்டாம்னுதான் சொல்றேன். அடுத்த கூட்டத்துலயும் சொல்வேன்," என்றாள் ஒலீட்டா. "சபை வைக்கணும்னு சொல்லிடுச்சு. வைக்கிறதைக் கோணலா வைக்க விடமாட்டேன். அந்த ரசமட்டத்தை எடுத்துக் கொடுங்க."